"டைரக்ட்" கொடுத்த பிறகு மலைக்கு யார் பொறுப்பு? ஹெட்டிங், வேபாயின்ட், ரீட்பேக் பற்றிச் சில சந்தேகங்கள்

மூன்றாம்பிறை (கேள்வி)

இன்ஸ்ட்ருமென்ட் விதிகளின்படி (வெளியே பார்த்து அல்ல, கருவிகளை வைத்து) பறப்பது பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரேடியோவில் பேசும் சொற்களை மனப்பாடம் செய்துவிடலாம். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் என்ன மாறுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

1. ஜி.பி.எஸ். இல்லாத பயணி விமானமே அரிது. அப்படியிருக்க, "டர்ன் லெஃப்ட் ஹெட்டிங் டூ செவன் ஜீரோ" என்று ஏன் இன்னும் திசை சொல்லித் திருப்புகிறார்கள்? ஒரு புள்ளியின் (வேபாயின்ட்) பெயரைச் சொல்லி, அங்கே "டைரக்ட்", அதாவது நேரே, போ என்றால் போதாதா?

2. ஃப்ளைட் பிளானில் உள்ள பாதையை விட்டுக் கண்ட்ரோலரே விலக்கிவிட்டால், மலையில் மோதாமல் பார்ப்பது யார் வேலை?

3. புள்ளியின் பெயர் காதில் தவறாக விழுந்து, விமானத்தின் கம்ப்யூட்டரில் வேறு புள்ளி ஏறிவிட்டால் அது எங்கே பிடிபடும்?

"விதிப்படி விமானி உஷாராக இருக்க வேண்டும்" போன்ற பதில் வேண்டாம். நடைமுறையில் எப்படி என்று சொல்லுங்கள்.


பச்சைத்திரை

கண்ட்ரோலர் பக்கத்திலிருந்து முதல் இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன். கீழே மைல் என்பதெல்லாம் கடல் மைல், நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

ஹெட்டிங் என்பது மூக்கு நோக்கும் திசை. டிராக் என்பது தரைமேல் விழும் தடம். இரண்டையும் பிரிப்பது காற்று. 450 நாட் வேகத்தில் போகும் விமானத்துக்குப் பக்கவாட்டில் 60 நாட் காற்று அடித்தால் தடம் கிட்டத்தட்ட 8 டிகிரி விலகும். 60 மைலுக்கு 1 டிகிரி என்றால் 1 மைல் என்பது பழைய கைக்கணக்கு. ஆக, அரை மணியில் 225 மைல் போயிருக்கும், அதில் 30 மைல் தள்ளிப்போய்விடும். இப்படிப் பார்த்தால் ஹெட்டிங் மட்டமான கருவி. ஆனால் கண்ட்ரோலருக்கு வேண்டியது துல்லியமான தடம் அல்ல, இரண்டு விமானங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. ஒரே உயரத்தில், ஏறத்தாழ ஒரே வேகத்தில், பக்கத்துப் பக்கத்தில் போகிற இரண்டுக்கும் ஒரே ஹெட்டிங் கொடுத்தால் காற்று இரண்டையும் ஒரே அளவு தள்ளும். இடைவெளி அப்படியே நிற்கும். அதே இரண்டையும் ஒரே புள்ளிக்கு "டைரக்ட்" அனுப்பினால் நிமிடத்துக்கு நிமிடம் நெருங்கும். நெடும்பாதையில் 5 மைல், விமான நிலையத்தைச் சுற்றி 3 மைல் என்று ரேடார் இடைவெளி காக்கிறவருக்கு எது உதவும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று அவசரம். ஹெட்டிங் குமிழைத் திருப்புவது இரண்டு வினாடி வேலை. புள்ளியின் பெயரைத் தட்டி, சரிபார்த்து, மற்றவர் ஒப்புக்கொண்டு, அழுத்துவது அப்படி அல்ல. அதற்குள் எதிரே வருகிறவர் ஒன்றிரண்டு மைல் வந்துவிடுவார்.

குமிழைத் திருப்பினாலும் விமானம் உடனே திரும்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி சாய்வில் 450 நாட் என்றால் வினாடிக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் திரும்பும். 90 டிகிரி திரும்பி முடிக்க 80 வினாடி. வளைவின் ஆரமே 6 மைலைத் தாண்டும். இறங்கும் கட்டத்தில் 210 நாட்டில் அதே சாய்வு 40 வினாடிக்குள் முடிந்துவிடும், ஆரமும் ஒன்றரை மைலுக்குள் அடங்கும். கீழே வேலை பார்த்துப் பழகியவர் மேலடுக்குக்கு வந்ததும் ஹெட்டிங்கைத் தாமதமாகக் கொடுப்பது இதனால்தான். நெடுந்தூர ரேடார் ஒரு சுற்றுச் சுற்றப் பத்து வினாடிக்கு மேல் ஆகும் என்பதால் திருப்பம் தொடங்கியதே திரையில் பிந்தித்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் ஆவணம் 4444 இதில் மழுப்பவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் விதிகளில் பறப்பவருக்குக் கண்ட்ரோலர் வெக்டார் கொடுத்தாலோ (ஹெட்டிங் சொல்லித் திருப்பினாலோ), ஃப்ளைட் பிளானில் இல்லாத டைரக்ட் கொடுத்து வெளியிடப்பட்ட பாதையை விட்டு விலக்கினாலோ, விமானி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கும் புள்ளி வரை தரைத் தடைகளுக்கு மேல் போதிய உயரம் இருப்பதைக் கண்ட்ரோலர் உறுதிசெய்ய வேண்டும். அதற்கென்றே ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச வெக்டார் உயரங்கள் குறித்த வரைபடம் அவரிடம் இருக்கும். "ரெஸ்யூம் ஓன் நேவிகேஷன்" என்று சொல்லும் இடம்தான் பொறுப்பு கைமாறும் இடம். அதனால் அந்தச் சொல் வராமல் ஹெட்டிங்கை விட்டு நீங்களாகப் பாதைக்குத் திரும்பக் கூடாது.

இதெல்லாம் கண்காணிப்புத் திரையில் உங்களைப் பார்க்கிற கண்ட்ரோலருக்கு. ரேடார் இல்லாத இடத்தில் கதை வேறு. நீங்கள் சொல்லும் இடத்தை நம்பித்தான் அவர் வேலை செய்கிறார். மலை முழுக்க உங்கள் கணக்கு.

பொறுப்பு யாருடையது என்று இரண்டு பக்கமும் வேறு வேறாக நினைத்ததற்கு விலை கொடுத்த உதாரணம் 1974 டிசம்பர் 1. டல்லஸ் விமான நிலையத்துக்கு (வாஷிங்டன் அருகே உள்ளது, டெக்சாஸ் நகரம் அல்ல) வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514, ஓடுபாதையிலிருந்து 40 மைலுக்கு மேல் தள்ளி இருக்கும்போதே "கிளியர்டு ஃபார் அப்ரோச்" (ஓடுபாதையை நெருங்கி இறங்க அனுமதி) பெற்றது. அப்படிச் சொன்னதால் தரை பற்றிக் கண்ட்ரோலர் பார்த்துவிட்டார் என்று விமானிகள் எடுத்துக்கொண்டு 1,800 அடிக்கு இறங்கினார்கள். உயரக் கட்டுப்பாடு விமானிகளின் வரைபடத்தில் இருக்கிறது, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது கண்ட்ரோலரின் எண்ணம். நடுவில் மலை. 92 பேரும் இறந்தார்கள். வெளியிடப்பட்ட பாதையில் சேரும் வரை எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் அப்ரோச் கிளியரன்ஸோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகு அங்கே வந்தது.


இடதுஇருக்கை

 

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பேடாக் என்று ஒரு கற்பனைப் புள்ளியை வைத்துக்கொள்வோம். "ஃபோர் டூ ஒன், ப்ரொசீட் டைரக்ட் பேடாக்" என்று வருகிறது.

முதலில் ரேடியோ பார்க்கிறவர் ரீட்பேக் கொடுக்கிறார், அதாவது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறார். பேடாக் ஏற்கெனவே ஃப்ளைட் பிளானில் இருந்தால் அதைப் புதிதாகத் தட்டவே கூடாது. பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லாமல் போகும். பட்டியலில் இல்லாத புள்ளி என்றால் தட்டிய பிறகு, அழுத்தி உறுதிசெய்வதற்கு முன், திரையில் வரும் திசையையும் தூரத்தையும் பார்க்க வேண்டும். தெற்கே போகிற விமானத்துக்கு வடகிழக்கே 600 மைலில் ஒரு புள்ளி வந்தால் அங்கேயே நிறுத்தலாம். ஒரே பெயரில் பல புள்ளிகள் இருந்தால் கம்ப்யூட்டர் பட்டியல் காட்டும். முதலில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான் ஆபத்து.

பிறகு மற்ற விமானி தன் திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட பின்பே செயல்படுத்த வேண்டும். கடைசியாக, ஆட்டோபைலட் எந்த நிலையில் இருக்கிறது என்று மேலே எழுத்தில் படிக்க வேண்டும். ஹெட்டிங் நிலையிலேயே விட்டுவிட்டால், வரைபடத் திரையில் பேடாக்குக்கு அழகான கோடு தெரியும். விமானம் மட்டும் பழைய திசையில் போய்க்கொண்டிருக்கும். 1983-இல் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுடப்பட்ட கொரியன் ஏர் 007, ஐ.என்.எஸ். (அசைவை அளந்து இடத்தைக் கணிக்கும் இனெர்ஷியல் கருவி) பாதையைப் பிடிக்காமல் ஒரே காந்த ஹெட்டிங்கில் மணிக்கணக்காகப் பறந்ததுதான் விசாரணையில் தெரிந்தது. 269 உயிர்கள். இன்றைய திரைகள் அன்றைவிட எவ்வளவோ தெளிவு. தவறின் வகை மட்டும் மாறவில்லை.

வெக்டாரில் நீண்ட நேரம் இருந்துவிட்டு "ரெஸ்யூம் ஓன் நேவிகேஷன்" வாங்கும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. பாதையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பறந்தால் கம்ப்யூட்டர் கடந்துபோன புள்ளியைக் கடந்ததாக எண்ணாது. அடுத்த புள்ளி என்று முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்படியே பாதையைப் பிடிக்கச் சொன்னால் விமானம் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கும். வெக்டாரில் இருக்கும்போதே பழைய புள்ளிகளைத் துடைத்து வைத்துக்கொள்வது பாதி வேலை.

இனி, இந்தக் கேள்விக்கென்றே நடந்ததுபோல் ஒரு விபத்து: 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, போயிங் 757. இரவு, பள்ளத்தாக்கு, கண்ட்ரோலரிடம் ரேடார் இல்லை. காலி வி.ஓ.ஆர். (தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டி நிலையம்) வரை கிளியரன்ஸ் கொடுத்து, வழியில் உள்ள துலுவாவைக் கடக்கும்போது சொல்லச் சொன்னார் கண்ட்ரோலர். விமானிகள் அதை "காலிக்கு நேரே" என்று எடுத்துக் கம்ப்யூட்டரில் டைரக்ட் அழுத்தினார்கள். நடுவில் இருந்த துலுவா உட்பட எல்லாப் புள்ளிகளும் திரையிலிருந்து காணாமல் போயின. துலுவாவைத் தேடத் தொடங்கியபோது அதைத் தாண்டிவிட்டிருந்தார்கள். அடுத்து ரோஸோ என்ற பீக்கனுக்குப் போக முடிவு. வரைபடத்தில் அதன் அடையாளம் "ஆர்" என்ற ஒற்றை எழுத்து. கம்ப்யூட்டரில் "ஆர்" தட்டினால் பட்டியலில் முதலில் வந்தது பொகோட்டா பக்கம் 130 மைலுக்கு மேல் தள்ளி இருந்த ரோமியோ என்ற வேறு பீக்கன். ரோஸோ வேண்டுமென்றால் முழுப் பெயரைத் தட்ட வேண்டும். விமானம் இடப்பக்கம் திரும்பி மலை இருக்கும் திசைக்குப் போனது, இறங்கிக்கொண்டும் இருந்தது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

கண்ட்ரோலருக்கு ஏதோ இடறியது. விமானி சொன்ன இடமும் கேட்ட அனுமதியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஆனால் வழக்கமான சொற்றொடர்களைத் தாண்டி ஆங்கிலத்தில் துருவிக் கேட்க அவருக்கு மொழி கைகொடுக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. வேலைக்கு வேண்டிய ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஐ.சி.ஏ.ஓ. நிலை 4 என்று பிற்பாடு அளவுகோல் வைத்தது இது போன்ற சமயங்களுக்காகத்தான்.


ஏழாம்வேபாயின்ட்

ஒரு சின்னச் சேர்க்கை, ஆனால் தேர்விலும் வானத்திலும் அடிக்கடி குழப்புவது. ஸ்டார் எனப்படும் வருகைப் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதே பாதையில் உள்ள ஒரு புள்ளிக்கு டைரக்ட் கிடைத்தால், தாண்டிவிடப்பட்ட புள்ளிகளின் வேக, உயரக் கட்டுப்பாடுகள் ரத்தாகும். போய்ச் சேரும் புள்ளியிலும் அதற்குப் பிறகும் உள்ளவை அப்படியே நிற்கும். வெக்டார் கொடுத்தாலோ பாதையில் இல்லாத புள்ளிக்கு அனுப்பினாலோ வெளியிடப்பட்ட எல்லாக் கட்டுப்பாடுகளும் போய்விடும். அப்போது எந்த உயரம் என்பதைக் கண்ட்ரோலர் சொல்லியாக வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் கேளுங்கள். "அவர் இதைத்தான் நினைத்திருப்பார்" என்று யாரும் யாருக்காகவும் நினைக்க வேண்டாம்.

டைரக்ட் கிடைத்தால் லாபம் என்று குதிப்பவர்களுக்கு: இறங்கும்போது 1,000 அடிக்கு 3 மைல் என்று கணக்கு. பாதையில் 20 மைல் வெட்டினால் 6,000 அடிக்கு மேல் உயரம் கையில் மிஞ்சும். டைரக்ட் கேட்கும்போதே கீழிறங்கவும் சேர்த்துக் கேட்காவிட்டால், மிச்சம் பிடித்ததைக் கடைசியில் சுற்றியடித்துத் தீர்க்க வேண்டியதாகிவிடும். இறங்க முடியாது என்று தெரிந்தால் "அனேபிள்" என்று சொல்வதில் எந்த இழிவும் இல்லை.


மூன்றாம்பிறை

மிக்க நன்றி. இரண்டு துணைக்கேள்விகள். புள்ளியின் பெயரே புரியவில்லை என்றால் எப்படிக் கேட்பது? இன்னொன்று: ரீட்பேக் சரியாக இருந்தும், கண்ட்ரோலர் சொன்னதே தவறு என்றால்?


திரும்பச்சொல்

பெயர் புரியாவிட்டால் "ஸே அகெய்ன் ஆல் ஆஃப்டர் டைரக்ட்". முழுக் கிளியரன்ஸையும் திரும்ப வாங்க வேண்டியதில்லை, "டைரக்ட்" என்ற சொல்லுக்குப் பிந்தியது மட்டும் வரும். அதிலும் தெளிவில்லை என்றால் எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள்: "பிராவோ ஆல்ஃபா டெல்டா ஆஸ்கர் கிலோ". ஐந்தெழுத்துப் பெயர்கள் உச்சரிக்க வசதியாக ஆக்கப்பட்டவை என்றாலும் எழுதுவதும் ஒலிப்பதும் எல்லார் நாக்கிலும் ஒன்றல்ல.

பாதி கேட்டதை வைத்து "ரோஜர்" சொல்வது இருப்பதிலேயே மோசமான பதில். நீங்கள் கடைசியாக அனுப்பியது முழுக்கக் கிடைத்தது என்பது மட்டுமே அதன் பொருள். ஆம் என்பதற்கு "அஃபர்ம்", செய்கிறேன் என்பதற்கு "வில்கோ". பாதைக் கிளியரன்ஸ், ஹெட்டிங், வேகம், உயரம், க்யூ.என்.எச். (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த அளவு), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் தரும் கருவி) எண், ஓடுபாதை தொடர்பானவை, இவை எதற்கும் வில்கோவும் போதாது. வாங்கியதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கால்சைனோடு (விமானத்தின் அழைப்புப் பெயர்). கால்சைன் இல்லாத ரீட்பேக்கில் கண்ட்ரோலருக்குத் தெரியாமல் போவது ஒன்றுதான்: சரியான விமானம்தான் எடுத்துக்கொண்டதா? 421-க்குக் கொடுத்த டைரக்டை 241 எடுத்துக்கொண்டு திரும்புவது இப்படித்தான். அதே நேரத்தில் 421-உம் பதில் சொல்லியிருந்தால் வி.ஹெச்.எஃப். ரேடியோ ஏ.எம். முறையில் இயங்குவதால் இரண்டும் மோதி ஒரு கீச்சொலிதான் கேட்கும். கீச்சொலி கேட்டால் யாரோ ஒருவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள்.

சொல்லப்பட்ட வடிவமும் முக்கியம். 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் நோக்கி வந்த ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்துக்குக் கண்ட்ரோலர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னது "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று. எண்ணான "டூ"வை விமானிகள் "அந்த அளவுக்கு" என்று பொருள்படும் "டு"வாகக் கேட்டு, "ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொல்லி 400 அடிக்கு இறங்கினார்கள். அந்த ரீட்பேக் தவறு, கண்ட்ரோலர் திருத்தவில்லை. மலைச்சரிவில் மோதி நால்வரும் இறந்தார்கள். ஒரு நெடில் குறில் வித்தியாசம்கூட ரேடியோவில் மிஞ்சாது. "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று ஆயிரம், நூறு சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ரீட்பேக் பிடிப்பது ஒன்றைத்தான்: சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதை. சொன்னது சரியா என்பதை அது பிடிக்காது. 2022 மே 23, பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் ஒரு ஏர்பஸ் ஏ320. உண்மையான க்யூ.என்.எச். 1011. கண்ட்ரோலர் 1001 என்றார். விமானிகள் 1001 என்றே திருப்பிச் சொன்னார்கள். ரீட்பேக் பிசகில்லை. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. 10-க்கு 280 அடி. ஐ.எல்.எஸ். ஆக இருந்தால் தரையிலிருந்து வரும் கற்றையே வழிகாட்டும். விமானம் சரியான சரிவில்தான் வந்திருக்கும். அன்று செய்தது செயற்கைக்கோள் அப்ரோச். அதில் செங்குத்துப் பாதை அழுத்தமானியைச் சார்ந்தது. அதனால் திரையில் எல்லாம் நூல் பிடித்தது போல் சரியாகத் தெரிய, விமானம் 280 அடி தாழ்வாக வந்தது. ஓடுபாதை தெரியாததால் மேலே கிளம்பினார்கள். பதிவான மிகக் குறைந்த உயரம் தரையிலிருந்து 6 அடி, அதுவும் ஓடுபாதை தொடங்குவதற்கு முன்பே.

பிடித்திருக்கக்கூடிய இடம் எது? ஏ.டி.ஐ.எஸ். (நிலையத்தின் வானிலையைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும்) பதிவில் வந்த க்யூ.என்.எச். ஆக, கண்ட்ரோலர் சொல்லும் எந்த எண்ணையும் அவரிடமிருந்து வராத இன்னொரு மூலத்தோடு ஒப்பிடுங்கள். க்யூ.என்.எச். என்றால் ஏ.டி.ஐ.எஸ்., டைரக்ட் என்றால் வரைபடத்தில் திசையும் தூரமும், உயரம் என்றால் அந்தப் பகுதியின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம். பொருந்தவில்லை என்றால் "கன்ஃபர்ம்" என்று தொடங்கி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தரை எச்சரிக்கை "புல் அப்" என்று கத்தினால் மட்டும் எதையும் கேட்க வேண்டாம். முதலில் ஏறுங்கள், பேச்சு பிறகு.


கடல்வழி

இதுவரை எல்லாரும் வி.ஹெச்.எஃப். பற்றியே பேசியிருக்கிறீர்கள். 35,000 அடியில் அதன் எட்டும் தூரம் 230 மைல் அளவுதான். அதற்கு அப்பால் நடுக்கடலில் ஹெச்.எஃப். (நெடுந்தூர ரேடியோ), அல்லது சி.பி.டி.எல்.சி. எனப்படும் எழுத்துச் செய்தி. எழுத்தில் வந்தால் காது தவறாது, கண் தவறும்.

வட அட்லாண்டிக்கில் பலமுறை சிக்கல் கொடுத்த செய்தி ஒன்று: "கிளியர்டு டு இன்ன புள்ளி வயா இன்ன பாதை". அந்தப் புள்ளி மாற்றுப் பாதை முடிகிற இடம். "வயா"வுக்குப் பின்னால் உள்ளதுதான் பறக்க வேண்டியது, அது பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் படித்தவர்கள் அந்தப் புள்ளிக்கு நேரே திரும்பியிருக்கிறார்கள். காலியில் நடந்த அதே பொருள்மயக்கம், இம்முறை எழுத்தில். எல்லாப் பக்கமும் படித்து, கையால் தட்டாமல் "லோட்" அழுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய பாதையோடு ஒப்பிட்ட பிறகுதான் "வில்கோ" அனுப்ப வேண்டும். கண்ட்ரோலருக்குச் சந்தேகம் வந்தால் "கன்ஃபர்ம் அசைன்டு ரூட்" என்று கேட்பார். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பாதை அவருக்குப் போகும்.

அடுத்தது அரை டிகிரி. அட்ச-தீர்க்கப் புள்ளிகளைத் தரவுத்தளத்தில் சுருக்கி எழுதுவார்கள். வடக்கு 52, மேற்கு 50 என்பது 5250 எழுதி "என்" எழுத்தைக் கடைசியில் போட்டது. அதே எழுத்தை முன்னால் போட்டால் வடக்கு 52 டிகிரி 30 நிமிடம். ஓர் எழுத்து இடம் மாறினால் 30 மைல் வித்தியாசம். இந்த வம்பே வேண்டாம் என்று அரை டிகிரிக்கு "ஹெச்" எழுத்தை முன்னால் போடும் முறையைப் பின்னர் பரிந்துரைத்தார்கள். சுருக்கப் பெயரை நம்பாமல் புள்ளியை விரித்து முழு ஆயங்களையும் இருவரும் தனித்தனியே படிப்பதும், ஒவ்வொரு புள்ளியையும் கடந்து பத்து நிமிடம் கழித்து இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

மேகத்தைச் சுற்றிப் போக அனுமதி கேட்டு, கடலில் கிடைக்காமல் போனால்: 5 மைலுக்குள் விலகுவதாக இருந்தால் அதே உயரம். அதற்கு மேல் என்றால் 5 மைலை எட்டும்போது 300 அடி மாற வேண்டும். பாதைக்குத் தெற்கே விலகினால் ஏற்றம், வடக்கே விலகினால் இறக்கம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் இதுவே. கூடவே விளக்குகளைப் போட்டு, 121.5 (அவசரம்), 123.45 (விமானங்களுக்கிடையே) ஆகிய அதிர்வெண்களில் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்க வேண்டும்.


பச்சைத்திரை

 

முதல் கேள்வியில் ஜி.பி.எஸ். மேல் இருந்த நம்பிக்கைக்கு ஒரு வார்த்தை. சிக்னலை மறைப்பது ஜாமிங், பொய்ச் சிக்னல் கொடுப்பது ஸ்பூஃபிங். மறைந்தால் கருவி இல்லை என்று சொல்லிவிடும். பொய் சொன்னால் சொல்லாது: கடிகாரம் தாவும், இடம் தாவும், தட்டையான கடல்மேல் "புல் அப்" கத்தும். ஏ.டி.எஸ்.-பி. விமானத்தின் ஜி.பி.எஸ். இடத்தையே ஒலிபரப்புவதால் அது மட்டும் இருக்கிற திரையில் கண்ட்ரோலருக்கும் பொய்தான் தெரியும். ரேடாருக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே நீங்கள் சொல்ல வேண்டியது "அனேபிள் ஆர்.என்.பி." அல்லது "அனேபிள் ஆர்நேவ்" (அந்த வழிகாட்டும் முறையில் பறக்க முடியாது), காரணத்தோடு. நம்பத்தக்க இடம் தெரியவில்லை என்றால் வெக்டார் கேளுங்கள். அப்போது உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் மட்டமாக நினைத்த அந்த ஹெட்டிங்தான். திசைகாட்டிக்குச் செயற்கைக்கோள் வேண்டாம். இனெர்ஷியல் கருவி ஜி.பி.எஸ். உதவி இல்லாமல் மணிக்கு 2 மைல் வரை நகரலாம். வி.ஓ.ஆர்., டி.எம்.இ. (தூரம் காட்டும் தரை நிலையம்) அதிர்வெண்களை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் ஒப்பிட ஒன்று கையில் இருக்கும்.


மூன்றாம்பிறை

கடைசியாக ஒன்று. மலைப் பக்கமாக வெக்டார் கொடுத்து, திருப்பிக் கூப்பிடுவதற்குள் ரேடியோ செத்துவிட்டால்?


இடதுஇருக்கை

டிரான்ஸ்பாண்டரில் 7600 (ரேடியோ பழுது என்ற குறியீடு). ரேடார் உள்ள பகுதியில் கடைசியாகக் கொடுத்த வேகத்தையும் உயரத்தையும் 7 நிமிடம் வைத்திருந்து பிறகு ஃப்ளைட் பிளானுக்கு மாற வேண்டும். ஆனால் கொடுத்த உயரம் அந்த இடத்தின் குறைந்தபட்சத்தைவிடத் தாழ்வு என்றால் குறைந்தபட்சத்துக்கு ஏறுவதே முதல் வேலை. எல்லை சொல்லாத வெக்டார் என்றால் இயன்றவரை நேர்வழியில், அடுத்த முக்கியப் புள்ளிக்கு மேல் போகாமல் ஃப்ளைட் பிளான் பாதையில் சேர வேண்டும். நாட்டுக்கு நாடு மாற்றங்கள் உண்டு. போகிற நாட்டின் ஏ.ஐ.பி.யில் (விமானப் போக்குவரத்துத் தகவல் ஏடு) பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைப் பக்கம் திருப்பும்போதே "எத்தனை மைல் இந்த ஹெட்டிங்?" என்று கேட்டுவைத்தால் எல்லை தெரிந்துவிடும். பதில் வராமல் நேரம் நீண்டால் ரேடியோ சாகக் காத்திருக்காதீர்கள். மறந்திருக்கலாம். ஒலி அளவு, அதிர்வெண், சிக்கிக்கொண்ட மைக் பொத்தான், இந்த மூன்றையும் பார்த்துவிட்டு முந்தைய அதிர்வெண்ணில் கூப்பிடுங்கள். அங்கும் இல்லையென்றால் 121.5.